டம்ளரில் விழுந்த முந்திரிக்கொத்து

அதிகம் படித்தவர்களிடம் ‘என்ன வேலை?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒரு காலத்தில் முதல் வரிசை. ஆட்டோவில் ஏறினால் ஓட்டுபவருக்கு என் ஆய்வை விளக்காமல் இறங்கமாட்டேன். (ஒருவர் பாதி வழியிலேயே வண்டி ரிப்பேர் என்று சொல்லி இறக்கிவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டிக்கொண்டு போனார்.)

எச்ஐவி ஒருவருக்குப் புதிதாகத் தொற்றும்போது முதல் சில வாரங்களில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. தொற்றைத் தருபவரின் உடலில் அந்த வைரஸ் எத்தனையோ வேஷத்தில் இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றே ஒன்றுதான் அடுத்தவர் உடலில் வேர் பிடித்து, பிறகு கோடியாகப் பெருகும். அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், அதை வாசலிலேயே மறிக்கும் தடுப்பூசிக்கு வழி பிறக்கும். அவ்வளவுதான். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் அறிவு எனக்கு அப்போது கிடையாது.

கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் வீட்டாருக்கு இது மானப் பிரச்சினை. ‘எச்ஐவி’ என்று காதில் விழுந்ததுமே இரண்டு வரன்கள் ஓடிவிட்டன. அதில் ஒரு வீட்டார், பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்து காட்டச் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்தாலே ஒட்டிக்கொள்ளும் என்றால் நம்மூர் மாட்டு டாக்டர்களுக்கு இதற்குள் கொம்பு முளைத்திருக்க வேண்டும். இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அம்மா அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஜெரின். குளச்சல்காரர், மஸ்கட்டில் வேலை. போனில் பேசியதில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது, சொல்ல வெட்கமில்லை. அவர் வீட்டார் பெண் பார்க்க வரும் நாளில் அம்மா கெடு வைத்தாள்.

“ஏட்டி, இதுவும் கலைஞ்சா மெட்ராஸ் வேலைய விட்டிட்டு இங்க ஏதாவது காலேஜுல பாடம் நடத்து. தடுப்பூசின்னு மட்டும் சொல்லு. என்ன ஊசின்னு கேட்டா சிரி.”

ஆக, ஆளும் வேலையும் என் வாயை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தன. அதைவிட மோசமான இடம் உலகத்தில் கிடையாது.

ஜெரினோடு அவர் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அவர் அம்மா தன் கையால் செய்த முந்திரிக்கொத்தை ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தார். பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரித்த அருமையான சரக்கு. அம்மா அதைத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தாள்.

“பிள்ளைக்கு என்ன வேலையாக்கும்?” என்றார் மாமன், ஒன்றை எடுத்துக் கடித்தபடி.

“தடுப்பூசி ஆராய்ச்சி.”

“எதுக்கான ஊசி?”

சிரித்தேன்.

“போலியோவுக்கா?”

மறுபடியும் சிரித்தேன்.

“பேய்ப்பட்டி கடிச்சா போடுகதா? வெறிநாய்க்கடிக்கு?”

அடுத்த சிரிப்புக்கு என்னிடம் சரக்கில்லை. எச்ஐவி என்று சொல்லிவிட்டேன். ஜெரினின் அம்மா கையிலிருந்த சாயா அப்படியே நின்றது. புத்தியுள்ள பெண் அத்தோடு எழுந்து அடுக்களைக்குள் போயிருப்பாள். நானோ, குமரி மாவட்டத்தின் அறியாமையை எங்கள் வீட்டு முன்னறையிலிருந்தே ஒழிப்பது என்று முடிவு செய்தேன்.

தட்டை என் பக்கம் இழுத்தேன். “இதெல்லாம் வைரஸுன்னு வச்சுக்கிடுங்க.”

மாமனின் வாயில் பாதி வைரஸ் இருந்தது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னையே பார்த்தார்.

தண்ணீர் இருந்த டம்ளரைக் காட்டினேன். “இது புதுசா ஒரு ஆளு. இத்தனையும் உள்ள வரத்தான் பாக்கும். ஆனா ஒண்ணுக்குத்தான் எடம் கிட்டும்.” ஒரு முந்திரிக்கொத்தை டம்ளருக்குள் போட்டேன். “பொறவு உள்ள பெருகுகது எல்லாம் இதுக்க வம்சம்தான்.”

ஒரு முகத்திலும் வெளிச்சம் இல்லை. தெரிந்த உதாரணம் ஒன்று கொடுத்தால் புரியும் என்று தோன்றியது. (இந்த யோசனை எனக்கு வந்த நிமிஷத்தில் கரண்டாவது போயிருக்கலாம்.)

“இப்ப, நம்ம வீட்டுக்கு எத்தனையோ வரன் வருது. ஒண்ணுதான் உள்ள வருது. ஜெரின் மாதிரி.”

மாமன் ஜெரினைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ எனக்க மவன் கிருமியாக்கும்?” என்றார் அவர் அம்மா.

“சும்மா கிருமி இல்ல ஆன்ட்டி, மூலக் கிருமி” என்றேன். பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

மாமன் ஒருவழியாக விழுங்கிவிட்டு, “அந்த ஒண்ணுக்கு மட்டும் அப்பிடி என்ன தெறம?” என்று கேட்டார். மாப்பிள்ளையைப் புகழ்ந்து தப்பித்துக்கொள் என்று அந்த மனிதர் கதவையே திறந்துவிட்டார்.

“பெருசா தெறம இருக்கணும்னு இல்ல மாமா. பாதி அதிர்ஷ்டம்தான். ஆனா உள்ள வந்தபொறவு வெளிய தள்ள முடியாது. வாசல்லயே மறிச்சிரணும்.”

ஜெரின் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

அவர் அம்மா எழுந்தார். தட்டிலிருந்த முந்திரிக்கொத்தை ஒன்று விடாமல் டின்னில் அள்ளிப்போட்டு, மூடியை அழுத்தி மூடிக்கொண்டு படியிறங்கினார். டம்ளருக்குள் ஊறிக்கொண்டிருந்தது மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

“ஒன்னப் படிக்க வச்ச காசுக்கு ரெண்டு பசு வாங்கி விட்டிருந்தா பாலாவது கிட்டியிருக்கும்” என்றாள் அம்மா. நியாயமான பேச்சு. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போதும், உதாரணத்தில் எங்கே பிசகினேன் என்று யோசித்துக்கொண்டே அழுத மகாமேதை நான்.

சாயங்காலம் ஜெரின் கூப்பிட்டார். அழுததாக நான் நினைத்தது, சிரிப்பை அடக்கியதாம்.

“அம்ம பாதி வழி, திங்கள்சந்த வர ஒன்னத் திட்டிக்கிட்டே வந்தா. பொறவு சத்தமே இல்ல. வீட்டுல வந்து கேக்கா, அந்த ஒண்ணு மட்டும் எப்பிடிடே உள்ள போச்சுன்னு. இந்தா, நீயே சொல்லு.”

போன் கை மாறியது.

“அது இன்னும் முழுசாத் தெரியாது ஆன்ட்டி” என்றேன்.

“தெரியாததுக்கா அம்புட்டு பேச்சு பேசின?”

“ஆமா.”

“ஊசி?”

“அதுவும் இன்னும் கண்டுபிடிக்கல.”

“எப்போ கண்டுபிடிப்பிய?”

“சொல்ல முடியாது.”

“கண்டுபிடிக்கது வர சம்பளம் உண்டுல்லா?”

“உண்டு.”

“அப்போ இது நெரந்தர வேலையாக்கும். அத மொதல்லயே சொல்லப்பிடாதா பிள்ளே?”

ஆராய்ச்சித் திட்டத்துக்கான பணம் ஒவ்வொரு வருடமும் நீட்டித்தால்தான் உண்டு என்று திருத்துவதற்கு வாய் துறுதுறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மூடிக்கொண்டேன்.

இப்போது குளச்சல் வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பெயரே கிருமிதான். கிறிஸ்துமசுக்கு வருகிறவர்களிடம் “ரெண்டு கிருமி எடுத்துக்கிடுங்க” என்று தட்டை நீட்டிவிட்டு ஜெரினின் அம்மா, இப்போது எனக்கு மாமி, இந்தக் கதையை ஆரம்பிப்பார். டம்ளரில் கிடந்ததைத் தான் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். பச்சைப் பொய். ஊறிப்போனதை யார் அள்ளுவார்கள்?

“ஒண்ணுதான் விட்டிட்டு வந்தேன். இப்போ பாருங்க” என்று, சோபாவில் ஏறிக் குதிக்கும் எங்கள் பெண்கள் இருவரையும் காட்டுவார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

“ஊசி வந்தாச்சா?”

“இல்ல மாமி.”

“கொள்ளாம். அப்போ வேல போவல” என்று எனக்கும் ஒரு கிருமியை எடுத்துத் தருவார்.