வாப்பாவைத் தூங்க விடக் கூடாது

மருந்து டப்பாவில் ஒரு பொட்டலம்கூட இல்லை. கவிழ்த்துப் போட்டு அடியில் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

வாப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தலையைத் தொங்கப் போட்டிருந்தார். உம்மா அவர் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"மூச்சு வருதாட்டி மர்யம்? எனக்கு ஒண்ணும் தெரியல்லியே!"

"கையை எடுங்க உம்மா. மூக்கைப் பொத்தினா எப்படி வரும்?"

"இந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்க?"

சத்தம் பக்கத்துக் கோலியிலிருந்து, அதாவது அடுத்த ஒற்றையறை வீட்டிலிருந்து, வந்தது. தாராவியில் எங்கள் கோலிக்கும் கணேசபாண்டியன் மாமா கோலிக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வரும் வழியில் சாராயத்தையும் ஏற்றிக்கொண்டு வந்து படுத்தால் ரம்பம் அறுக்கிற மாதிரி குறட்டை விடுவார். இன்றைக்கு ரம்பத்தோடு மரமும் சேர்ந்து கத்துவது போலிருந்தது.

உம்மாவின் தம்பி அப்துல் வாஹித் மாமா பலகையில் ஓங்கிக் குத்தினார்.

"அண்ணாச்சி! கொஞ்சம் வாயை மூடிட்டுத் தூங்கும்!"

குறட்டை சற்று நின்றது. பிறகு இன்னும் பலமாகக் கிளம்பியது.

"ரயில் மேல ஏறினாலும் எந்திரிக்க மாட்டாரு" என்றார் மாமா.

நான் உம்மா பக்கம் திரும்பினேன். "டப்பாவுல ஆறு பொட்டலம் இருந்துச்சே. எங்க?"

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ரெண்டுதான் போட்டேன். வாப்பா கஞ்சியில."

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஒன்று போட்டிருந்தேன். அதே கஞ்சியில்.

மூன்று நாளைக்கு முன்னால் வாப்பா தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக வழுக்கி விழுந்தார். யுத்த காலம்; பட்டாளத்துக்குப் பூட்ஸ் தோல் அவசரமாம். தரையில் தேங்கின மழைத் தண்ணீரைத் தள்ளிவிடக்கூட யாருக்கும் நேரமில்லை. விலா எலும்பு இரண்டு ஒடிந்தது. மாட்டுங்கா டாக்டர் சந்திரமௌலி கட்டுப்போட்டுவிட்டு, பொட்டலங்களை என் கையில்தான் தந்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிறவள் நான் ஒருத்திதானே.

"இதோ பார் குழந்தே, இதுல அபினும் இருக்கு, தலைவலி மருந்தும் இருக்கு. ஒரு பொட்டலம் குடுத்தா ஆறு மணி நேரம் டப்பாவைத் திறக்கப்படாது. வலி போகலேன்னு இன்னொண்ணு குடுக்கப்படாது. கடையில விக்கற தலைவலி மாத்திரை, இருமல் மருந்து எதுவும் கூடச் சேரப்படாது. சாராயம் கிட்டவே வரப்படாது."

"எங்க வீட்டுலயா? தௌபா, தௌபா!" என்று உம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாருக்கும் சொல்றதுதாம்மா. இன்னொண்ணு. தூங்கறப்போ நடுவுல எழுப்பிப் பாருங்கோ. எழுப்பினா எழுந்துக்கணும். எழுந்துக்கலேன்னா அதுக்குப் பேர் தூக்கம் இல்லை. அப்படியே தூக்கிண்டு இங்க ஓடி வந்துடணும்."

அபின் என்ற ஒரு சொல் வாப்பாவின் காதில் விழுந்துவிட்டது. அதோடு போயிற்று. "போதைச் சாமானை, அதுவும் நோன்பு மாசத்துல, தொண்டையில இறக்க மாட்டேன்" என்றார். பள்ளிவாசல் ஹஸ்ரத்தே வந்து, நோயாளிக்கு மருந்து கூடும், நோன்பைக்கூடப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். "ஒடிஞ்சது என் எலும்பு ஹஸ்ரத்து" என்றார் வாப்பா.

ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருமினால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இன்றைக்கு, நோன்பு திறக்கிற நேரத்தில், அவருடைய நீலக் கோப்பையில் கஞ்சியை ஊற்றி ஒரு பொட்டலத்தைக் கலக்கி வைத்தேன். அந்தக் கோப்பையில் வேறு யாரும் குடிக்க மாட்டார்கள். உம்மாவுக்கும் அதே யோசனை தோன்றும் என்று நான் கண்டேனா?

"ஒருத்திக்கொருத்தி சொல்லக் கூடாதா உம்மா? ஒண்ணுதானே குடுக்கச் சொன்னாரு?"

"ஒண்ணு டாக்டர் மாதிரி ஒல்லி ஆளுக்குச் சரி. உங்க வாப்பா ஆகிருதிக்கு ரெண்டு வேண்டாமா?"

மாமா மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

"மாமா, எங்க போறீங்க?"

"மழை விட்டுருச்சான்னு பாக்கேன்."

"மிச்சம் மூணு பொட்டலம்?"

மாமா தலையைச் சொறிந்தார். "ஒண்ணு ஆறு மணி நேரம்னா, மூணு போட்டா நாளைக்கு நோன்பு தொறக்குற வரைக்கும் தாங்கும்லா? கணக்கு சரிதானே?"

"மாமா!"

"அதோட கடைத் தலைவலி மாத்திரை ரெண்டு. வேற ஒண்ணுமில்ல."

"அடப் பாவி! மனுஷனக் கொன்னுட்டியேலே!" என்றாள் உம்மா, தன் இரண்டை மறந்து. "மர்யம், கோப்பையைப் பாரு. கொஞ்சமாவது மிச்சம் வச்சிருப்பாவ."

நீலக் கோப்பையைக் காணவில்லை. பாய்க்கு அடியில், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், எங்கும் இல்லை.

"கோப்பையையும் சேத்து முழுங்கிட்டாவளோ?" என்றார் மாமா.

மூன்று பேருமாக வாப்பாவை உலுக்கினோம். பாதிக் கண்ணைத் திறந்து, "கஞ்சி..." என்றார்.

"பேச்சு குழறுதே!" என்று உம்மா அலறி, கடுங்காப்பியை அவர் வாயில் சாய்த்தாள். பாதி உள்ளே போயிற்று. பாதி சுடச்சுட நெஞ்சுக் கட்டின்மேல் இறங்கியது. வாப்பா கத்தினார்.

"கத்துதாவ. நல்லதுதான்" என்றார் மாமா. "நடக்க வைப்போம். நடந்தா தூக்கம் போயிரும்."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். ஒடிந்த விலா என்ன செய்ததோ, வாப்பாவின் முகம் வெள்ளைத் துணியாக வெளுத்தது; கண் மேலே சொருகியது. பயந்துபோய்க் கீழே விட்டோம். முகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை அடித்தேன்.

"ஏட்டி, அந்தக் கஞ்சிய நான்..."

"பேசாதீங்க மச்சான், மூச்சை மிச்சம் பிடிங்க!"

உம்மா இன்னொரு டம்ளர் காப்பியை வைத்து வாயை அடைத்தாள். பக்கத்துக் கோலியில் ரம்பம் நின்று நின்று அறுத்தது. மாமா போகிற போக்கில் பலகையில் இன்னொரு குத்து விட்டுவிட்டு, டாக்டர் வீட்டுக்கு வண்டி பிடிக்க மழையில் ஓடினார்.

அவர் வரும்வரை நான் வாப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறும்போது எனக்கு மூச்சு வரும். இறங்கும்போது என் மூச்சு நின்றுவிடும். வாப்பா போய்விட்டால் உம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? உம்மா என் முகத்தில் எப்படி விழிப்பாள்?

மாமா சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். "தாராவிக்குள்ள இந்த மழையில எந்தக் குதிரைவண்டிக்காரனும் வர மாட்டேங்கான். கிடங்குல இருந்து இதைத்தான் தள்ளிட்டு வந்தேன். ஜல்தி, தூக்குங்க!"

வாசலில் நின்றது, பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றுகிற கைவண்டி. அதன் நாற்றம் மாமாவுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

வாப்பாவின் மூக்கு அசைந்தது. இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்தன.

"எத்தன மாட்டுத் தோலை இதுல ஏத்தி அனுப்பியிருக்கேன். இன்னிக்கு என்னையே ஏத்த வந்துட்டியா? இன்னும் உரிக்கவே இல்லியேலே, முட்டாப்பயலே!"

"திட்டுதாவ!" உம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "யா அல்லா, என்னமாத் திட்டுதாவ!"

"மூணு நாளாக் கண்ணை மூடல்ல. இன்னிக்குத்தான் அசதியில கொஞ்சம் அசந்தேன். அதுக்குள்ள காப்பிய ஊத்தி, தண்ணிய ஊத்தி... எல்லாரும் பாகல் ஆயிட்டீங்களா, பைத்தியம் பிடிச்சிருச்சா? யாராவது வாயைத் திறந்தா வெளிய தள்ளிருவேன்."

சுவரில் சாய்ந்து மறுபடி கண்ணை மூடினார். நான் சற்றுப் பொறுத்து எழுப்பினேன். எழுந்து, என் படிப்பைத் திட்டினார். இன்னும் கொஞ்சம் பொறுத்து எழுப்பினேன். எழுந்து, படிக்க வைத்த தன்னையே திட்டினார்.

டாக்டர் சொன்னபடி எழுப்பினால் எழுந்துகொள்கிறார். அப்படியானால் இது தூக்கம்தான். வெறும் தூக்கம்.

"ஆறு பொட்டலம் போயும் அசையல்ல பாத்தியா?" மாமா பெருமையாகச் சொன்னார். "மச்சான் உடம்பே பதப்படுத்தின தோலு. ஒண்ணும் ஊறாது."

உம்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்தோம். தகரக் கூரையில் மழை பெய்வது மட்டும் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், பலகைக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓய்ந்திருந்தது.

"நான் விட்ட குத்து இப்பத்தான் உறைச்சிருக்கு" என்றார் மாமா.

"அல்ஹம்துலில்லாஹ். இனி நிம்மதியாத் தூங்கட்டும்" என்றாள் உம்மா.

கதவு தட்டும் சத்தம். கணேசபாண்டியன் மாமாவின் மனைவி சண்முகவடிவு அத்தை, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் எங்கள் நீலக் கோப்பை, பளிச்சென்று கழுவியிருந்தது.

"இது எப்படி உன் கையில வந்துச்சு?" என்றாள் உம்மா.

"உங்க வீட்டு அண்ணாச்சிதான் மதினி, நோன்பு தொறக்கையில குடுத்தாவ. வாயில வச்சதும் கசந்துச்சாம். கஞ்சிய வீணாக்கக் கூடாது, உன் வீட்டு ஆளுக்குக் குடுன்னாவ. அந்த மனுஷனுக்கு இருந்த போதையில கசப்பு எங்க தெரியுது? ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டுப் படுத்தாரு." அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் குறட்டை இல்லாமத் தூங்குதாரு. எழுப்பிப் பாத்தேன், அசையக்கூட இல்ல. மர்யம், கஞ்சியில அப்படி என்னட்டி போட்டீங்க?"