பனியன் சார் வளர்த்த மண்

பனியன் நைந்துபோன சந்தோஷத்தில் வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்த மனிதர் இந்தச் சென்னையில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அடையாறில் என் எதிர் ஃபிளாட்டில் இருந்தார். எல்லோருக்கும் அவர் பனியன் சார்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், கட்டும்போது மிஞ்சிய செங்கல்லும் சிமெண்டும் கொட்டிய காலி இடம் ஒன்று. அதில் புங்கை, நாவல், பூவரசு என்று நெருக்கி நட்டுக் குட்டிக் காடு ஒன்றை உண்டாக்கியவர் அவர்தான். செடிகள் மளமளவென்று வளர்ந்தன. நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும் உம்மென்று இருந்தார்.

"மரம் வளர்ந்தா போதுமா சார்? மண்ணுக்கு உயிர் வந்துதான்னு பாக்க வேணாமா?"

சொன்னவர், புத்தம்புதுப் பருத்திப் பனியன் ஒன்றை அங்கே புதைத்தார். மண்ணில் நுண்ணுயிரும் பூஞ்சையும் இருந்தால் பருத்தியைத் தின்றுவிடுமாம். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் பனியன் அப்படியே இருந்தது. துக்கவீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு அதைத் துவைத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு பனியன். மூன்றாம் வருஷம், பெருக்க வந்த கன்னியம்மா மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பனியன் கையைப் பார்த்து அலறிவிட்டாள்.

"ஐயோ, எவனோ செய்வினை வெச்சிகீறான்!"

குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். "அது என்னோடதும்மா" என்றார் பனியன் சார்.

"உனுக்கு நீயே வெச்சிக்கினியா? இன்னா சாரு கொறை உனுக்கு?"

அந்தப் பனியனில் நாலு ஓட்டை இருந்தது. மனிதர் துள்ளிக் குதித்தார். வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் வந்தது அன்றைக்குத்தான். ஆனால் அடுத்த வருஷப் பனியன் மறுபடி முழுசாக வந்தது. விசாரித்ததில், சுத்தம் முக்கியம் என்று செகரட்டரி தினமும் காட்டையும் பெருக்கச் சொல்லியிருந்தது தெரிந்தது.

"எலைதாம்மா மண்ணுக்குச் சாப்பாடு. தெனம் வாரிட்டுப் போனா அது பட்டினி கெடக்காதா?"

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எனுக்கும் வேலை மிச்சம்!"

அதன்பிறகு இலைகள் விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கின. மண் கறுத்தது, மண்புழுக்கள் வந்தன.

ஏழாம் வருஷம் செகரட்டரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: காட்டை அழித்துக் கார் நிறுத்துமிடம். நானும் கையெழுத்துப் போட்டேன். தெருவில் நிற்கும் என் காரை ஆட்டோக்காரர்கள் உரசாத நாளில்லை.

கூட்டத்துக்குப் பனியன் சார் ஒரு தட்டோடு வந்தார். அதில் இருந்தது கழுத்துப்பட்டையின் நைலான் தையல் மட்டும். மற்றதையெல்லாம் மண் தின்றுவிட்டது.

"பனியன் நைஞ்சுபோறதுக்குக் காடு எதுக்கு ஓய்? எங்காத்து வாஷிங்மெஷினே போதுமே!" என்றார் செகரட்டரி. கூட்டமே சிரித்தது.

பனியன் சார் சிரிக்கவில்லை. "செங்கல் தூளா கெடந்த எடம் சார். இப்பதான் அதுக்குப் பசிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய் வாயில சிமெண்ட்ட ஊத்திடாதீங்க." தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டினார்.

காட்டை வைத்துக்கொள்ள யார் யார் சம்மதம் என்று கேட்டபோது என் கையும் தூக்கிக்கொண்டது. ஒரே ஒரு கை வித்தியாசத்தில் காடு பிழைத்தது.

பனியன் சார் இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். என் கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. நேற்றுகூட ஓர் ஆட்டோ நீளமாகக் கோடு போட்டுவிட்டுப் போனது. போகட்டும். அந்த மனிதருக்காக இன்னும் நாலு கோடு வாங்கிக்கொள்ளலாம்.