புறங்கை அண்ணனும் கடற்கரைக் கரண்டும்

மலாயாவில் கெடா மாநிலத்துத் தோட்டங்கள் அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், புறங்கை அண்ணனைப் போல எதையும் நம்பாத மனிதர் கிடைக்க மாட்டார். கடவுளை நம்புவார்; ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். ஆனால் அந்தக் கோயிலின் இரும்புக் கேட்டை நம்ப மாட்டார். முதலில் புறங்கையால் ஒரு தொடல், பிறகுதான் திறப்பு.

சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் வயர்மேன். நான் ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கரண்டு ஓடும் பொருளை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் கை உதறிக்கொண்டு வந்துவிடும் என்பது வயர்மேன்களின் பாடம். மற்றவர்கள் அதை வேலையோடு விட்டுவிடுவார்கள். இவர் சொம்பு, சைக்கிள், பூட்டு, எதையும் விடவில்லை. புதிதாக வந்த துரை கை குலுக்க நீட்டியபோது அந்தக் கையையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். துரை அதை நம்முடைய வழக்கம் என்று நினைத்து, ஒரு வாரம் எங்கள் எல்லோரிடமும் புறங்கையையே நீட்டிக்கொண்டிருந்தார்.

"தாலி கட்டையில எங்கழுத்தையே புறங்கையால தொட்டுப் பாத்தாருலா. கரண்டு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் முடிச்சுப் போட்டாரு," என்பார் அவர் மனைவி ரோசம்மா அக்கா.

அக்காவுக்கு இளைப்பு நோய். கடல் காற்று பட்டால் நல்லது என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். அதுவோ கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம். பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கத்து ரோட்டில் வண்டி ஓடக் கூடாது. கடற்கரையில் இருக்கும் கோத்தா கோலா மூடாவுக்குப் போனால் இரண்டு நாளாவது தங்க வேண்டும். காற்றாடி சுற்றாமல் அக்காவால் படுக்கவும் முடியாது.

அண்ணன் பழைய பட்டாளத்து ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கினார். உள்ளே பலகை அடித்து, கட்டில் போட்டு, ஒரு காற்றாடியும் ஒரு பல்பும் மாட்டினார். வண்டியின் பக்கவாட்டில் ஒரு பிளக்கு. போகிற இடத்தில் எவன் வீட்டில் கரண்டு இருக்கிறதோ அங்கிருந்து நூறடி வயர் இழுத்துச் செருகினால் வண்டி வீடாகிவிடும். கூடவே ஒரு எர்த்துக் கம்பி: வண்டியின் உடம்பிலிருந்து ஒரு வயர், அதன் நுனியில் மண்ணில் அடிக்க ஓர் இரும்பு ராடு. போலீஸ் பெர்மிட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பாவத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வழித் தடுப்பில் அரை மணி நேரம் சோதனை போட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அப்போது அரிசிக்குத்தான் பயம். வயரையும் இரும்பு ராடையும் ஒதுக்கி ஒதுக்கி அரிசி தேடினார்கள். அரிசி இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள்.

மீன்காரர்களின் ஐஸ் கொட்டகையில் கரண்டு இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர், எல்லோருக்கும் நானா, பேசி வாங்கிக் கொடுத்தார். அண்ணன் ராடை மணலில் அடித்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பிளக்கைச் செருகினார். காற்றாடி சுற்றியது. அக்கா உள்ளே கண்ணை மூடிப் படுத்தார். நாங்கள் கடையில் கோப்பி குடிக்க உட்கார்ந்தோம். அண்ணன் குவளையைப் புறங்கையால்தான் தொட்டார்.

நாலு மணிக்கு ரோந்து வந்தது. ஒரு சார்ஜன், மூன்று போலீஸ்காரர்கள். அவர்கள் கண்ணால் பாருங்கள்: முன்பின் தெரியாத வண்டி, கறுப்பு வயர்கள், அதில் ஒன்று புதிதாகக் கிளறிய ஈர மணலுக்குள் போகிறது. வெடிகுண்டு என்று முடிவு கட்டினார்கள். நாங்கள் ஓடி வருவதற்குள் ஒரு வீரன் பாராங் கத்தியால் எர்த்து வயரை வெட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

சார்ஜன் வண்டிக் கதவைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"ஜாங்கான் பெகாங்!" தொடாதே என்று மலாயில் கத்திக்கொண்டே அண்ணன் பாய்ந்து அந்தக் கையை ஓங்கி அடித்தார். மூன்று துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

"யாருங்க வந்திருக்கா?" என்று உள்ளே அக்காவின் குரல்.

"ரோசா, எறங்காத! கதவத் தொடாத! பலகையிலயே உக்காரு!"

உள்ளே வேறு ஆள் ஒளிந்திருக்கிறது என்று சார்ஜன் முகம் இன்னும் கறுத்தது. சந்தேகத்தில் பிடித்தவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு, அவரவர் ஊருக்கு, அனுப்பிய காலம் அது. அண்ணனுக்கு ஊர் என்று எதுவும் இல்லை. அவர் பிறந்ததே இங்கே கெடாவில், புக்கிட் செலம்பாவில்.

அண்ணன் வண்டியை நெருங்கினார். கதவைப் புறங்கையால் தொட்டார். கை சுரீரென்று உதறிக்கொண்டு தோள் வரை போனது. "கடல் ஈரத்துல கரண்டு கசியும் தம்பி, எர்த்து இருந்தா மண்ணு வாங்கிக்கும். சார்ஜன்கிட்ட சொல்லு," என்றார். சொன்னேன். என் மலாய் அன்று திக்கியதுபோல் என்றும் திக்கியதில்லை.

துப்பாக்கி முனையிலேயே, வெட்டிய வயரின் ரப்பர் உறையைப் பிடித்து இரண்டு நுனியையும் முறுக்கிச் சேர்த்தார். ராடின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். மறுபடி தொட்டார், கை அசையவில்லை. சார்ஜன் தானும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வெட்டிய வீரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவன் பாராங் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "கோப்பி!" என்று சார்ஜன் நானாவைப் பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எங்கள் வண்டியைக் கண்டால் சார்ஜன் சல்யூட் அடிப்பதில்லை. புறங்கையைத் தூக்கிக் காட்டுவார், தடுப்பு தானாகத் திறக்கும். அந்த ஸ்டேஷன் கேட்டைப் போலீஸ்காரர்கள் எல்லோரும் புறங்கையால் தொட்டுத்தான் திறக்கிறார்கள் என்று நானா சொன்னார். நானா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர்.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. ரோந்து போனதும் அண்ணன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தார். அக்கா இறங்குவதற்குக் கையை நீட்டினார். உள்ளங்கையை.

"என்னங்க, கரண்டு இருக்கான்னு பாக்கலையா?" என்றார் அக்கா.

"இருந்தா இருக்கட்டும்லா," என்றார் அண்ணன். பிடித்த கையை மணலில் இறங்கிய பிறகும் விடவில்லை.

எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன், அந்தக் குறை இன்னும் இருக்கிறது.