காதில் வைத்தது பூ அல்ல

பொதுமக்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட அலுவலகம் எங்களுடையது. 'காது கொடுத்து' என்ற சொற்கள் வாசல் பலகையிலேயே உண்டு. ஆனால் கொடுக்கும் காது எப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை. புதிய இயக்குநர் வந்துதான் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

அவர் வெளிநாட்டில் பயிற்சி முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவர். முதல் கூட்டத்திலேயே, "முன்னேறின இடத்துல யாரு காதும் சும்மா இல்ல" என்றார். நாங்கள் ஒருமுறை காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். சும்மாதான் இருந்தது.

திட்டம் எளிமையானது. கவுன்டரில் ஒரு மைக் இருக்கும். குறை சொல்பவர் அதில் பேசுவார். அவர் குரல் கம்பியில்லாமல் பறந்து வந்து ஊழியரின் காதுக்குள் நேராக இறங்கும். நடுவில் சத்தம், தூசி, சலிப்பு எதுவும் கலக்காது. மைக்குக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லாததால் முதல் கட்டமாகக் காதுப் பகுதியை மட்டும் நிறைவேற்றுவது என்று முடிவாயிற்று. கருவி விலை குறைவானதாக இருக்க வேண்டும், ஆனால் அப்படித் தெரியக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது.

ஒரு ஜோடி வந்தது. சோப்புத் துண்டு அளவில் ஒரு வெள்ளை டப்பா, அதற்குள் இரண்டு இயர்பட். கோப்பில் அதன் பெயர் 'கம்பியற்ற செவித்துணைக் கருவி (இணை)'. மொத்தமாக வாங்கும் முன் ஒருவர் அதை அன்றாடப் பயன்பாட்டில் சோதித்து அறிக்கை தர வேண்டும். அதற்கு எங்கள் முதல் கவுன்டர் எழுத்தர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் அவசரப்பட மாட்டார். யார் வந்து எவ்வளவு நேரம் பேசினாலும் "ம்... அப்புறம்?" என்பார். அப்படிக் கேட்டதெல்லாம் எங்கே போகும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் கேட்பார். பக்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அன்றாடம்னா எதுவரைக்கும் சார்?" என்று கேட்டார் நிதானம்.

நியாயமான கேள்வி. இயக்குநர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது: 'அன்றாடம் என்பது விழித்தது முதல் உறங்குவது வரையிலான காலம். குளிக்கும் நேரம் நீங்கலாக.'

அன்றிலிருந்து நிதானம் குளிக்கும் நேரம் நீங்கலாக அதை மாட்டிக்கொண்டே இருந்தார்.

ஆரம்பம் சிரமமாகத்தான் இருந்தது. நிதானம் சாப்பிட வாயைத் திறந்தால் இடது காதுக்காரன் விழுவான். ஒருமுறை குழம்பில் விழுந்து, கரண்டியால் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டப்பட்டான். வலது காதுக்காரனைத் தொட்டால் கடைசியாகப் பேசிய எண்ணுக்குத் தானாக போன் போகும். நிதானத்துக்குக் காதைச் சொறியும் பழக்கம் உண்டு. கடைசியாகப் பேசியவரோ இயக்குநர். ஆகவே நிதானம் பல் தேய்ப்பதை, பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடுவதை, மாமனாரைப் பற்றி வீட்டில் பேசுவதை எல்லாம் இயக்குநர் கேட்க நேர்ந்தது.

"குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. மத்தபடி எல்லாம் தெளிவாப் புரியுது" என்றார் இயக்குநர், முகத்தில் எதையும் காட்டாமல்.

அதன் பிறகுதான் முக்கியமான சம்பவம் நடந்தது. சார்ஜ் தீர்ந்தது. டப்பாவை மின்சாரத்தில் செருகினால் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. புதுசு கேட்கலாம் என்றால், சோதனை முடியாமல் மாற்றுக் கருவி தர விதியில்லை. கழற்றிவிடலாம் என்றால், உத்தரவில் அன்றாடம் என்று இருக்கிறதே ஒழிய, கருவி வேலை செய்யும்போது மட்டும் என்று இல்லை. நிதானம் உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு செத்துப்போன இரண்டையும் காதில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தக் காலையில் ரொட்டிக்கடைக்கார அம்மா வந்தார். அவர் கடை வாசலில் சாக்கடைக்கு மூடி இல்லை. ஏற்கெனவே பலமுறை வந்து, "ஐயா, கொஞ்சம் மனசு வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். இன்று நிதானத்தின் காதைப் பார்த்தார். கூட வந்த தங்கையிடம் திரும்பினார்.

"இவன் பாட்டு கேட்டுட்டு இருக்கான்டி. இவன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், தூண்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான்."

"மெதுவாக்கா, கேக்கப் போகுது."

"எங்க கேக்குது? நேத்து தபால்காரர் உள்ள விழுந்து கால் உடைஞ்சு கிடக்காரு. ஐயா ஐயான்னு நான் கும்பிட்டதுக்கு ஒரு கல்லை நானே புரட்டி அது மேல போட்டிருக்கலாம்."

கருவி மலிவானது. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் சக்தியெல்லாம் அதற்குக் கிடையாது. ஒரு சொல் விடாமல் நிதானத்துக்குக் கேட்டது. அத்தனை வருடம் "ஐயா" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்ததை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் தானே நடந்து போய், பொறியாளர் பிரிவில் கெஞ்சி, மாலைக்குள் சாக்கடைக்கு மூடி போட வைத்துவிட்டார்.

இது அலுவலகத்தில் பெரிய பிரச்சினையானது.

"மனு எங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"மனு தரல சார். தங்கச்சிகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க."

"மனுவே இல்லாம ஒரு குறை எப்படித் தீரும்? தீர்க்கப்பட்டது ஒண்ணு, பெறப்பட்டது பூஜ்யம்னு மேல அனுப்பினா என்ன நினைப்பாங்க?"

ஆகவே கணக்கைச் சரிசெய்ய அந்த மூடி திரும்ப எடுக்கப்பட்டது. ரொட்டிக்கடைக்கார அம்மாவிடம் முறைப்படி மனு வாங்கப்பட்டது. 'இப்போது மூடி இல்லை' என்று அவரால் உண்மையாகவே எழுத முடிந்தது. அது வரிசையில் சேர்க்கப்பட்டது. நிதானத்துக்கு, உரிய வழியில் கேட்கப்படாத எதையும் கேட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது.

நிதானம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அறிவுறுத்தியாகிவிட்டது, காதிலும் அது இருக்கிறது என்பதால், இயக்குநர் கதவைப் பற்றிக் கவலைப்படாமல் போனில் பேசினார்.

"ஆமா மச்சான், உன் சரக்குதான். அறிக்கை நல்லா வந்துட்டா எல்லா அலுவலகத்துக்கும் உன்கிட்டதான் எடுப்போம். இந்த ஆள் ஏதாவது ஏடாகூடமா எழுதினா எல்லைச் சாவடிக்குத் தூக்கிடறேன். அங்க ஒரு நாற்காலி ரொம்ப நாளா காலியா இருக்கு."

எல்லைச் சாவடி என்பது பேருந்து போகாத இடம்.

அந்த மாலை நிதானம் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியில் ஜாக்கெட் என்றால் அவரிடம்தான் தைப்பார்கள். கணவர் வந்ததைப் பார்த்தார், காதையும் பார்த்தார், பேச்சை நிறுத்தவில்லை.

"ஊசியில நூல் கோக்க முடியலக்கா. வலது கண்ணுல பால் ஊத்தின மாதிரி இருக்கு. ஒருத்தி ஜாக்கெட்டுல கை ரெண்டையும் மாத்தி வச்சுத் தைச்சுட்டேன். அவர்கிட்டயா? சொல்லல. சொன்னா 'ம்... அப்புறம்?'னு கேப்பாரு. அத்தோட சரி. ஊருக்கே அதைத்தான் சொல்றாரு, எனக்கு மட்டும் என்ன பெருசா செஞ்சுடப் போறாரு?"

நிதானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு காதிலிருந்து இரண்டையும் எடுத்து மெஷின் மேல் வைத்தார். சோதனைக் காலத்தில் அவர் உத்தரவை மீறியது அந்த ஒரு தடவைதான்.

"கிளம்பு. கண் டாக்டர்கிட்ட போலாம்."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எதுவரைக்கும்?"

"எல்லாமே."

அவர் மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "கருவி நல்ல கருவிதான்" என்றார்.

புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் அறுவை, பிறகு கொஞ்ச நாள் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எல்லைச் சாவடியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருக்க முடியாது. பொய் எழுதவோ நிதானத்துக்குக் கை வராது. மறுநாள் முழுக்கப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துச் சொன்னார், எனக்குக் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினார்:

'இக்கருவியை அணிந்த நாள் முதல், பணியில் சேர்ந்தது முதல் இதுவரை என் காதில் விழாத பல விஷயங்கள் மிகத் தெளிவாகக் கேட்கின்றன.'

இயக்குநர் படித்துப் பார்த்துப் பூரித்துப்போனார். "இதைவிட என்ன வேணும்?" என்று நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லைச் சாவடி நாற்காலி காலியாகவே இருந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. அவர் மனைவி இப்போது கண்ணாடிகூட இல்லாமல் நூல் கோக்கிறார்.

எங்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி வந்தது. எல்லோருடையதும் சீக்கிரமே செத்தது. யாரும் கழற்றவில்லை. முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. என் மேலதிகாரி என்னைப் பற்றி என்ன நினைக்கிறார், என் நண்பர் என் மேலதிகாரியிடம் என்னைப் பற்றி என்ன சொல்கிறார், எல்லாம் கேட்டது. இரண்டாவது வாரம், நமக்குக் கேட்கிறது என்றால் மற்றவர்களுக்கும் கேட்குமே என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. அதன் பிறகு அலுவலகத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆய்வுக்கு வந்த மேலதிகாரிகள் இவ்வளவு அமைதியான குறைகேட்பு அலுவலகத்தை எங்கும் கண்டதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பொதுமக்கள் வருவதும் குறைந்தது. வந்தவர்களும் எங்கள் காதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். திட்டு ஒவ்வொன்றும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. கேட்டதாக ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டுமே. ஆகவே விரலால் காதை லேசாகத் தட்டி, தலையை மெல்ல ஆட்டி, பாட்டு ஓடுகிற மாதிரி காட்டிக்கொள்வோம். அந்த ஆண்டு நிலுவை மனு ஒன்றுகூட இல்லாத அலுவலகம் என்று விருது கொடுத்தார்கள். நிதானத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மற்ற அலுவலகங்களுக்குப் போய்ப் பயிற்சி தருகிறார். அந்த விருதுக்குப் பிறகு எங்கு பார்த்தாலும், கடைகளில், வங்கிகளில், மருத்துவமனைகளில், எல்லோர் காதிலும் வெள்ளையாக ஒன்று இருக்கிறது.

போன வாரம் எங்கள் தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து வந்தது. குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. தெருவே சேர்ந்து, "நீங்க அதே மாதிரி ஆபீஸ்ல வேலை பாக்கறவர், உங்களுக்குத்தான் அங்க பேசத் தெரியும்" என்று என்னைக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தது.

கவுன்டரில் இருந்தவர் காதில் எங்கள் ரகமேதான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் லேசாக அசைந்தது. அவருக்குக் கேட்டது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது அவருக்கும் தெரிந்தது. அவர் மெல்ல விரலைத் தூக்கிக் காதைத் தட்டிக்கொண்டார். தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தெரு முனையில் பக்கத்து வீட்டு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போனீங்களே, என்னண்ணே சொன்னாங்க?"

நான் விரலைத் தூக்கிக் காதைத் தட்டிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டியபடி அவரைத் தாண்டி நடந்தேன்.