பூக்கூடைக்கு வேட்டி கட்டிய கதை

சனிக்கிழமை எனக்குத் தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. வாசலில் தொங்கும் நாலு பூக்கூடைகளும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரைக்கும் உயிரோடு இருக்கவேண்டும்.

பதினொரு மணிக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியிலிருந்து வருகிறார்கள். என் மகள் அபியும் மாப்பிள்ளைப் பெடியனும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. தங்களுக்குள் எல்லாம் முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி இருப்பது பெடியனின் அம்மாவின் சம்மதம். அவர் சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனதற்காக விமான டிக்கெட்டை மாற்றியவர் என்று கேள்வி.

மனைவி கமலாவும் அபியும் பலகாரம் எடுக்க செவன் கிங்ஸில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போனார்கள். இரவு அங்கேதான் தங்கல். போகும்போது கமலா சொன்னாள்:

"இஞ்சருங்கோ, அந்த மனிசி காரால இறங்கினவுடன கண்ணில படுறது பூவாத்தான் இருக்கோணும்."

அபி சொன்னாள்: "அப்பா, ப்ளீஸ். ஒண்டும் வியர்டாச் செய்யாதேங்கோ."

முப்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். எனக்கு நாலு செடி ஒரு பொருட்டா?

ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் வெயில் அடித்தது. லண்டன் வெயிலை இன்னும் நம்புகிற ஆள் நான். பெட்டூனியாவும் ஃபுக்சியாவும் வாங்கி, நானே நட்டு, கதவுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டாகத் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மே முடியும்வரை வெளியே விடாதே" என்றார். நாற்பது வருடமாகத் தோட்டம் செய்கிறவரைப் பார்த்துச் சிரித்தேன்.

சனி பின்னேரம் அதே வேலி, அதே தலை. "இன்றிரவு உறைபனி. ஒன்று உள்ளே எடு, இல்லையென்றால் மூடு."

உள்ளே எடுக்கப் போனேன். கதிரையில் ஏறி முதல் கூடையைக் கழற்றினேன். மத்தியானம் தாராளமாக ஊற்றிய தண்ணீர் அவ்வளவும் என் கழுத்துக்குள் இறங்கியது. கூடையை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு இறங்கினேன்.

சரி, மூடலாம். இதற்கென்றே மெல்லிய வெள்ளைத் துணி விற்கிறதாம். பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். மத்தியானமே முடிந்துவிட்டது என்றார்கள். ஊரில் எல்லோரும் மார்கரெட்டின் பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள் போல.

வெள்ளைத் துணிக்குத் தமிழன் வீட்டில் பஞ்சமா? அலுமாரியில் நாலு வேட்டி இருந்தது. கூடைகளைப் போர்த்து, கதவுக்கு மேலால் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு இழுத்துக் கட்டி, மிச்சத்தை இரு பக்கமும் தொங்கவிட்டேன். ரோட்டில் போய் நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது.

வாசலில் வெள்ளை கட்டினால் அது செத்தவீடு. யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவன் அந்த வாசலைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தான்.

காலையில் எழும்பியதும் முன்னறைச் சோபாவை ஒதுக்கி, மடக்குக் கதிரைகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டேன். வருகிறவர்கள் இருக்கவேண்டாமா? போனைச் சார்ஜில் போட்டேன். தலைக்குக் கறுப்புச் சாயம் பூசி, தோளில் துவாயோடு காத்திருந்தபோது பெல் அடித்தது.

முன்வீட்டுத் தவமணி. கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஐயோ அண்ணை! நீங்கள் இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"அப்ப... கமலாக்கா எங்க?"

"செவன் கிங்ஸில."

அவர் இன்னும் பலமாக அழுதார். "எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆஸ்பத்திரியோ? தன்ர தங்கச்சி வீட்டில பலகாரம் சுடுறா!"

தவமணி விரலை மேலே காட்டினார். வெளியே வந்து, என் கைவேலையை முதல்முறையாகப் பகலில் பார்த்தேன்.

"இது பூவுக்கு. குளிருக்குக் கட்டினது."

"பூவுக்கு ஆராவது வெள்ளை கட்டுவினமே அண்ணை?"

"சரி சரி. ஆருக்கும் சொல்லிப்போட்டியளோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. குறூப்பில மட்டும் போட்டனான்."

குறூப் என்பது முந்நூறு தமிழர் இருக்கும் வாட்சப் குழு. ஓடிப்போய்ப் போனைப் பார்த்தேன். தவறிய அழைப்பு நாற்பத்தொன்று. கண்ணீர் அஞ்சலியும் தயார். யாரோ கலியாண வீட்டில் எடுத்த என் படம். வாயில் வடை.

பத்திரிகையில் எத்தனையோ மரண அறிவித்தல்களைச் செப்பனிட்டவன் நான். கை சும்மா இருக்கவில்லை. வயது எழுபத்திரண்டு என்று போட்டிருந்தார்கள். எனக்கு அறுபத்தாறு. "வயதைத் திருத்தவும்" என்று குழுவில் எழுதினேன்.

"அவற்ற போனில ஆர் எழுதுறது?" என்று ஒருவர் கேட்டார்.

"மகளாயிருக்கும். பாவம்" என்றார் இன்னொருவர்.

வேட்டியை அவிழ்க்கக் கதிரையில் ஏறினேன். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. அதற்குள் கார்கள் வரத் தொடங்கின. அஞ்சலி செலுத்த வந்தவர்களை, வாசலில் கதிரை மேல் நின்று, கறுத்த மை வடிகிற தலையோடு நானே வரவேற்றேன்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று இடியப்பமும் சொதியும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எப்படித் திருப்பி அனுப்புவது? "ஷிப்டை மாத்திப்போட்டெல்லோ வந்தனான்" என்றார் ஒருவர், நான் ஏமாற்றிவிட்டது போல. மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் உள்ளே போய் வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள்.

கடைசியாகப் பொன்னுத்துரை வந்தார். என்னோடு ஒரே பத்திரிகையில் வேலை செய்தவர். எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கையில் இரண்டு தாள்.

"இரவிரவா இருந்து எழுதினது" என்றார். செய்தி வந்தே ஒரு மணித்தியாலம்தான். "வாசிக்கட்டோ?"

"வேண்டாம்."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க ஒரு கார் வந்து நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா வாசலைப் பார்த்தார். கதிரையில் நின்ற என்னைப் பார்த்தார். கண்ணாடி ஏறியது. கார் திரும்பியது.

அதே நேரம் மறுபக்கத்தால் கமலாவும் அபியும் வந்திறங்கினார்கள்.

"உங்களுக்கென்ன விசரே!" கமலா கத்தரிக்கோலை எடுத்துவந்து என் நல்ல வேட்டியை வெட்டி விழுத்தினாள். பூக்கள் சிரித்துக்கொண்டு நின்றன. மார்கரெட் வேலிக்கு மேலால், "இரவு முழுக்க மேகம். உறைபனி வரவேயில்லை" என்றார்.

அபி என்னைத் திட்டவில்லை. "அவை திரும்பிப் போகினம் அப்பா. அவ இனி வரமாட்டா" என்றாள். குரல் உடைந்தது.

ஓடினேன். மை வடிய வடிய, துவாய் பறக்க, ரோட்டு முனையில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டுப்பட்டு நின்ற காரைப் பிடித்துக் கண்ணாடியில் தட்டினேன்.

"அம்மா! நான் சாகேல்லை!"

கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. "அப்ப ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை. பூ செத்துப்போகுமெண்டு கட்டினது. அதுவும் சாகேல்லை!"

அவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "செத்துப்போனதாப் பொய்க்கதை வந்தால் ஆயுசு கூடுமெண்டு சொல்லுறவை."

"ஓம் அம்மா. முந்நூறு பேருக்குப் போயிருக்கு!"

"காரைத் திருப்பு தம்பி" என்றார் மகனிடம்.

அவர் முன்னறைக்குள் வந்தபோது சனம் முழுக்க எழும்பி நின்றது. கையில் இடியப்பம். எல்லோரும் எழும்பி நின்றதைப் பொன்னுத்துரை தனக்குக் கிடைத்த தருணமாக எடுத்துக்கொண்டார். தாளை விரித்தார்.

"அன்னார் குடி, சூது அறியாதவர். மனைவி சொல் தட்டாதவர்..."

கமலா இருமினாள்.

"...ஒரே மகளைத் தங்கமாக வளர்த்தவர். இப்படியொரு குடும்பத்தை லண்டனில் எங்கே தேடினாலும் காணமுடியாது!"

இரண்டு தாளையும் வாசித்து முடித்தார். மூன்று பேர் அழுதார்கள். நானும் துவாயால் கண்ணைத் துடைத்தேன்.

பெடியனின் அம்மா கமலாவின் கையைப் பிடித்தார். "உங்கட குடும்பத்தைப்பற்றி ஆரிட்ட விசாரிக்கலாமெண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். இனித் தேவையில்லை. கலியாணத்துக்கு நாள் குறிப்பம்."

உயிரோடு இருக்கிறவனைப் பற்றி விசாரித்திருந்தால் இந்தக் கலியாணம் நடந்திருக்காது.