கூட வந்தது யாரு?

உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நிற்பவரிடம் விசாரிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சக்கர நாற்காலியைக் கண்டதும் இவர்கள் கண் மேலே போகும். தள்ளிவந்தவர் முகத்தில் போய் நிற்கும். குரல் கனியும். "கூட வந்தது நீங்களா?"

இந்த இனத்தின் தலைமகன் டாக்டர் ராஜமாணிக்கம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு மருத்துவக் கல்லூரியில் (பெயர் எதற்கு, வம்பு) மாற்றுத்திறனாளி நோயாளிகளை எப்படி நடத்துவது என்று பாடம் எடுப்பவரே அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் உருகுவார். மாணவர்களின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி வராந்தாவில் நடக்கவிட்டு, இடித்துக்கொண்டவர்களை அழவைத்து, அழுதவர்களைப் படம் எடுத்து, படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, "இப்பப் புரியுதா அவுங்க கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். சாய்தளத்தின் அவசியம் பற்றி மட்டும் பன்னிரண்டு ஸ்லைடு வைத்திருக்கிறார். அவற்றைக் காட்டும் வகுப்பறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட்? ரிப்பேர்.

போன வியாழக்கிழமை நிஜ நோயாளியை வைத்தே பாடம் நடத்த ஆசைப்பட்டார். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் சக்கர நாற்காலியோடு வந்திறங்கினார். கால்களில் உணர்ச்சி கிடையாது; குதிகாலில் ஒரு புண் பதினைந்து நாளாக ஆறாமல் சீழ் பிடித்திருந்தது. பாடத்துக்கு உட்கார்ந்தால் பெரிய டாக்டரே பார்ப்பார் என்று நம்பி வந்திருந்தார். நாலு மாணவர்கள் அவரை நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி மாடியேறினார்கள். "இதுதான்யா சேவை மனப்பான்மை!" என்று பூரித்தார் ராஜமாணிக்கம்.

பின்னாலேயே, அவரை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் தங்கராசு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். டாக்டரின் கண் உரிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

"இவுங்களுக்குப் புண்ணு எத்தினி நாளா இருக்கு?"

"எனக்கு என்னா சார் தெரியும்? நான் ஆட்டோ ஓட்டறவன்."

"பரவால்ல, சொல்லுங்க. ராத்திரி தூங்குறாங்களா?"

தங்கராசு திருதிருவென விழித்தார். பெரிய டாக்டர், எதிரே அறுபது வெள்ளைக் கோட்டு. தெரியாது, தெரியாது என்று எத்தனை தடவைதான் சொல்வது? "தூங்குவாங்க சார்."

"சார், ஒரு நிமிஷம்..." என்றார் அந்தப் பெண்.

"இரும்மா, உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம்."

திரையில் டாக்டரின் மூன்றாவது ஸ்லைடு பளபளத்தது: 'நோயாளியின் கண்ணைப் பார்த்து நேராகப் பேசுங்கள்.'

"பென்சிலின் போட்டா ஒத்துக்குமா?"

"அதெல்லாம் ஒத்துக்கும் சார்." தங்கராசுவுக்கு இதற்குள் தொழில் பழகிவிட்டது.

ஊசி வந்தது. பஞ்சால் தோளைத் துடைத்தாயிற்று. அந்தப் பெண் டாக்டரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பென்சிலின் எனக்கு ஆவாது சார்! போன வருஷம் ஒரே ஊசில மூச்சடைச்சு மூணு நாளு ஐசியூல கெடந்தேன். எனக்குக் காலுதான் வராது, வாய் நல்லாத்தான் இருக்கு. என்னைக் கேட்டா என்னா?"

ராஜமாணிக்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசியைக் கீழே வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனுஷருக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? திரும்பி, தங்கராசுவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

"ஏங்க, இத நீங்க முன்னாடியே சொல்லக் கூடாதா?"

புண்ணுக்கு வேறு மருந்து எழுதினார். சீட்டை யாரிடம் நீட்டினார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. டாக்டர் பெயர் உங்களுக்குத் தெரியும். பை தூக்கிவந்தவர் பெயர்கூடத் தெரியும். உயிர் தப்பிய அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று இவ்வளவு நேரத்தில் ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா? எனக்கும்தான் சொல்லத் தோன்றவில்லை, விடுங்கள். பவானி என்று பெயர். வியாழக்கிழமை வகுப்பில் முன்வரிசையில் ரெண்டு இடம் காலியாம். நீங்களும் நானும் போய் உட்காரலாம், வாருங்கள். மாடியில்தான்.