தேயிலைக் கட்டைக் கரி, மூட்டை பதினோரு வெள்ளி

ஆறாம் நம்பர் லைன், தானா ராத்தா
14.11.1979

மருமகன் தங்கராஜுவுக்கு மாமா ராமையா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சளியோடு நலம். ஈப்போவில் நீயும் அக்காவும் சளியில்லாமல் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னீர்கள் என்று உன் அத்தை கேட்கிறாள். மனதுக்குள் சொன்னால் சொன்னது ஆகாதா? முதல் கரிச்சூளை கையைக் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக, இரும்புக்கடை வேலையை விடுவதா வேண்டாமா என்று மறுபடி கேட்டு எழுதாதே. மாதக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்து சேர். இன்னும் இரண்டு சூளை போடலாம்.

விவரம் கேள். தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைக் கட்டைகளை, "ராமையா, உன் மூளை லண்டனில்கூடக் கிடைக்காது" என்று என் தோளில் கைபோட்டுத் துரை சும்மா கொடுத்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் சீட்டு எழுதிக் கொடுத்தார் என்று அத்தை சொல்வாள், நம்பாதே. கட்டை சும்மா, ஆனால் மேட்டிலிருந்து இறக்க லோரிக்கு நாற்பது வெள்ளி, குழி வெட்டிய ஆட்களுக்கு இருபது, கோணிக்கு ஆறு. ஐம்பது மூட்டை கட்டைக்கு ஐம்பது மூட்டை கரி என்று கணக்குப் போட்டேன். ஐந்தில் ஒரு பங்குதான் கரியாகத் தேறும் என்று நான் படித்த மூன்றாம் வகுப்புவரை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. சரி, பத்து மூட்டையாவது வரட்டும் என்று தீ மூட்டி, காற்றுப் புகாமல் மண் போட்டு மூடி, ஐந்து நாள் காத்திருக்க உட்கார்ந்தால், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மணியம்மா அந்த மண்மேட்டில் நாலு கம்பு ஊன்றிக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறாள்.

"ஏம்மா, கரிச்சூளையில எவளாவது கொடி கட்டுவாளா?"

"பத்து நாளா மழை, அண்ணே. பிள்ளைங்க ஈரச் சட்டையோட ஸ்கூலுக்குப் போவுது. லைன்லயே உங்க மண்ணுதான் சூடா இருக்கு, சும்மாதானே கெடக்கு?"

"கம்ப எவ்வளவு ஆழம் ஊனுன?"

"விழாத அளவுக்குத்தான்லா."

அந்த ஓட்டைகளில் காற்றுப் புகுந்து நாலு மூட்டை சாம்பலாகிவிட்டது. சட்டைகள் நன்றாகக் காய்ந்தன. மிச்சம் ஆறு மூட்டை, அடக்கம் மூட்டைக்குப் பதினோரு வெள்ளி. நட்டமா? இல்லை. இறைச்சியைக் குச்சியில் குத்திக் கரியில் சுட்டு விற்கும் சாத்தே கடை கமருஸ்ஸமான் மாதம் நூறு மூட்டை, பன்னிரண்டு வெள்ளி வீதம் எடுத்துக்கொள்கிறேன் என்று கையடித்துச் சொன்னதைத்தான் போன கடிதத்திலேயே எழுதினேனே. ஒரு வருடத்தில் நீ கார் ஓட்டுவாய்.

அக்காவுக்கு என் வணக்கம். மாரியம்மன் உன் பக்கமும் நம் சூளைப் பக்கமும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மைக்காகவே தூங்காமலிருக்கும் மாமா,
ராமையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அத்தை, "அந்தப் பிள்ளை வேலைய விட்டுட்டு வந்து நின்னா எந்த மூஞ்சிய வச்சுப் பாப்பீங்க?" என்றாள். அதனால் கமருஸ்ஸமான் கடைக்குப் போய், "பாய், கரி மூட்டை பன்னிரண்டு" என்றேன். அவர், "கீழேருந்து ஏழு வெள்ளிக்கு வருது, அண்ணே. கோலா தெர்லா காய்கறி லோரி கீழ சரக்க எறக்கிட்டு காலியாத்தானே மலை ஏறுது, கரிய ஏத்திக்கிட்டு வந்துடுறான். உங்களுது எனக்கு எதுக்கு?" என்றார். அவர் நூறு மூட்டை கேட்டார், கையடித்தார் என்பதெல்லாம் நானாகச் சேர்த்தது. இதற்கு முன் அந்தக் கடையில் தேத்தண்ணீர் குடித்ததோடு சரி. வேலையை விடாதே. எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றால் உடனே போய்த் திரும்ப வாங்கிக்கொள். என் மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று முதலாளியிடம் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.